அந்த ஒரு கஜம்

சுகிர்தராணிக்கு அமெரிக்கக் கால்பந்தில் பைத்தியம் பிடித்ததற்கு அவள் பொறுப்பில்லை. பஹ்ரைனின் ஈசா டவுனில் அவள் வேலை பார்க்கிற டயாலிசிஸ் நிலையத்தின் ஏழாம் நம்பர் நாற்காலிக்கு வாரம் மூன்று நாள் வருகிற செய்கு அலாவுதீன்தான் காரணம். நாலு மணி நேரம் ஒரே இடத்தில் சாய்ந்து கிடக்க வேண்டிய மனிதர். மடியில் டேப்லெட். காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டித்தான் வைப்பார். பக்கத்தில் நிற்கிற நர்ஸ் எத்தனை நாள்தான் கேட்காத மாதிரியே இருக்க முடியும்? முதல் வருடம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வருடம், "இப்ப பந்து யாரு கையில?" என்று கேட்க ஆரம்பித்தாள். மூன்றாம் வருடம் அவரைவிட அவளுக்குத்தான் அதிகமாகக் கோபம் வந்தது.

அலாவுதீன் காயல்பட்டினத்துக்காரர். அறுபத்திரண்டு வயது. ஜுஃபைரில் அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். மாலுமிகளின் சட்டையில் பெயர்ப்பட்டை தைப்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. தைத்து முடிகிறவரை அவர்கள் கடை டிவியில் ஆட்டம் பார்ப்பார்கள், இவரும் மிஷினை மிதித்துக்கொண்டே பார்ப்பார். பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்த மாலுமி ஒருவன், தன் அணியின் நீலத் தொப்பியை இவர் தலையில் வைத்துவிட்டுப் போனான். அவன் ஊர் திரும்பிப் பதினோரு வருடமாகிறது. தொப்பியும் அணியும் இவரிடமே தங்கிவிட்டன. கடைப் பையன்கள் போனில் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவதைக் கேட்டு, கடியப்பட்டணத்துக் கிறிஸ்தவப் பெண்ணான சுகிர்தராணியும் காக்கா என்றே கூப்பிட்டாள். அவருக்கு அவள் சிஸ்டர்தான்.

ஆட்டத்தை அவளுக்குப் புரியவைக்க அவருக்கு ஒரு காலை நேரம் போதுமானதாக இருந்தது. பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடியும் நாலு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். இவ்வளவுதான் சட்டம். நீலத் தொப்பி அணி ஒன்பது கஜம் அழகாகப் போகும். எறியும், பிடிக்கும், ஓரமாக ஓடும். கடைசி ஒரு கஜம் வந்ததும் கோச்சின் புத்தி கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிடும். இருப்பதிலேயே பருத்த ஆளின் கையில் பந்தைக் கொடுத்து, நட்ட நடுவில் முட்டச் சொல்வார். எதிரணிக்காரர்கள் அதற்கென்றே நடுவில் குவிந்து நிற்பார்கள். பருத்த ஆள் போய் மோதுவான். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும்.

"ஒரு கஜம் சிஸ்டர்," என்பார் அலாவுதீன், ஊசி ஏறாத கையால் தொப்பியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு. "மூக்குல இருந்து விரல் நுனி வரைக்கும். நான் துணி அளக்குற ஆளு, எனக்குத் தெரியாதா? இந்தா கிடக்கு. ஓரமா போகலாம். தலைக்கு மேல எறியலாம். எறியிற மாதிரி பாவலா காட்டிட்டு ஓடலாம். எதிரி மட்டுமில்ல, ஜுஃபைர்ல டீக்கடை வச்சிருக்கவனுக்கும் தெரியும், இவன் நடுவுலதான் விடுவான்னு."

"அந்தக் கோச்ச மாத்த மாட்டாங்களா?"

"மாத்துனாங்க. புதுசா வந்தவரும் நடுவுலதான் விடுதாரு."

இப்படி அவர்கள் இருவரும் சேர்ந்து ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற ஒரு மனிதரைத் திட்டுவதில் நல்ல நட்பு வளர்ந்திருந்தது. வீட்டில் சுகிர்தராணி போனில் மறு ஒளிபரப்பு பார்ப்பதைக் கண்ட மகள் ஷிஜி, "மம்மி, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிற கணவன் ஆன்சன், கிரிக்கெட் பார்க்கிற நேரத்தில் ரிமோட் தன் கையில் இருக்கிறதே என்று சும்மா இருந்துகொண்டான்.

இனி அவளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது, நாகர்கோவிலில் நர்சிங் படிப்பு, பஹ்ரைனுக்கு வந்து பதினேழு வருடம். காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்கு நிலையத்து வேனில் ஏறி, ஆறு மணிக்குக் கையுறை மாட்டுவாள். நிலையத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு: சுகிர்தா சிஸ்டர் குத்தினால் வலிக்காது. டயாலிசிஸ் ஊசி சாக்குத் தைக்கிற ஊசியின் பருமன் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டு குத்த வேண்டும், ரத்தம் வெளியே வர ஒன்று, சுத்தமாகித் திரும்பிப் போக இன்னொன்று. அந்த ஊசியைக் குத்தி வலிக்கவில்லை என்று பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. புதிதாக வருகிற நோயாளிகள்கூட, "அந்த சிஸ்டர் எப்ப டூட்டி?" என்று விசாரித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து தடிக்க வைத்த ரத்தக்குழாயில், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் குத்த வேண்டும் என்பதுதான் பாடம். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் மரத்துப் போகும், வலிக்காது. ஆனால் தோல் மெலியும், குழாய் வீங்கும், ஒரு நாள் உடைந்தும் போகலாம். மூன்று வருடத்துக்கு முன்பு அவள் பாடத்தில் இருந்தபடிதான் செய்தாள். ஒரு பாட்டியம்மாவுக்குப் புது இடத்தில் குத்தப் போய் ஊசி குழாயைத் தாண்டிவிட்டது, கை கறுத்து வீங்கியது. குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். ஒரு மெமோ வந்தது. விசா புதுப்பிக்கிற மாதம் வேறு. அன்றிலிருந்து அவள் தெரிந்த இடத்தை விட்டு நகரவில்லை. நோயாளிகளுக்கு மகிழ்ச்சி, அவளுக்கு நல்ல பெயர், யாரும் புகார் கொடுக்கவில்லை.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஊசியை எடுத்த பிறகு அலாவுதீனின் கையில் ரத்தம் நிற்க இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. பத்து நிமிடத்தில் நிற்க வேண்டியது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அவள் பார்த்தாள். வழக்கமாகக் குத்துகிற இரண்டு இடங்களில் கீழே இருப்பது எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்து, தோல் பளபளவென்று இருந்தது. டாக்டர் நளினி வந்து பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இடம் மாத்துங்கன்னு சார்ட்ல நாலு தடவை எழுதியிருக்கேன் சுகிர்தா. இவருக்கு இடது கைக் குழாய் ஏற்கெனவே அடைச்சுப் போயிடுச்சு. இதுவும் போனா அப்புறம் கழுத்துல டியூப் போட்டுத்தான் ஓட்டணும். அது எத்தனை நாள் தாங்கும்னு உங்களுக்கே தெரியும்."

"அவரு சம்மதிக்க மாட்டேங்காரு டாக்டர்," என்றாள் சுகிர்தராணி. அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை. அமெரிக்காவில் திங்கள் இரவு ஆட்டம் நடக்கிற நேரம். அன்று டயாலிசிஸ் மிஷின் தயாராகத் தாமதமாகி மணி ஏழாகிவிட்டது. அலாவுதீனுக்கு அதில் வருத்தமில்லை, கடைசிக் கட்டம் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று புள்ளி பின்தங்கியிருந்த நீலத் தொப்பி அணி முன்னேறி வந்துகொண்டிருந்தது. அவள் ட்ரேயோடு வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டி, வழக்கம்போல விரலால் இரண்டு இடத்தையும் தொட்டுக் காட்டினார்.

"நம்ம இடம் சிஸ்டர். பிஸ்மில்லா சொல்லிட்டேன்."

அவள் ஊசியை எடுக்கவில்லை. திரையில் மூன்றாவது வாய்ப்பு, ஒரு கஜம் பாக்கி. பருத்த ஆள் நடுவில் போய் மோதினான். எழுந்தபோது பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று அலாவுதீன் பல்லைக் கடித்தார்.

"காக்கா, ஒரு காரியம் கேக்கணும். அந்தக் கோச் முட்டாளாக்கும்?"

அவர் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாள் சேர்ந்து திட்டியவள் இப்படிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "முட்டாளா இருந்தா அவ்வளவு பெரிய வேலைக்கு வர முடியுமா? அவருக்குப் பயம். புதுசா ஒண்ணு செஞ்சு தோத்தா, நாளைக்கு டிவியில எல்லாரும் அவரைத்தான் கிழிப்பாங்க. நடுவுல விட்டுத் தோத்தா, இவ்வளவு பெரிய ஆளாலயே முடியல, கோச் என்ன செய்வாருன்னு விட்டுருவாங்க. ஆட்டம் போகும். அவரு வேலை போகாது."

சுகிர்தராணி ட்ரேயைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு நான் இந்த இடத்துல குத்தல காக்கா. புது இடத்துல குத்தித் தப்பிட்டா எனக்கு மெமோ வரும். அதுக்குப் பயந்துதான் குத்துனேன். உங்க கை இப்பிடி ஆனதுக்கு நானும் காரணம். இனியும் அங்க குத்துனா இந்தக் கை போயிரும். போன பெறவு வேற கை இல்ல."

அலாவுதீன் டேப்லெட்டின் சத்தத்தைக் குறைத்தார். மூன்று வருடத்தில் அவர் தானாகச் சத்தத்தைக் குறைத்தது அதுவே முதல் தடவை. புடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கோபப்படுவார் என்றுதான் அவள் நினைத்தாள், அதற்கு அவருக்கு நியாயமும் இருந்தது.

"நான் நாப்பது வருசம் தைச்சவன்," என்றார். "ஒரே ஓட்டையில ஊசி போய்ப் போய் வந்தா துணி கிழியும்னு எனக்குத் தெரியாதா சிஸ்டர்? தெரியும். என் வீட்டுக்காரி மதீனாகூட பாத்துட்டு, இதென்ன வீங்கிக் கிடக்குன்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னேன். வாரத்துக்கு மூணு நாளு வலி வேண்டாம்னு நானேதான் விரல வச்சுக் காட்டுனேன்." சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டிக்கொண்டு, "வேற இடத்துல யாரு குத்துவாங்க?" என்று கேட்டார்.

"நாந்தான் குத்துவேன்."

"தப்பிட்டா?"

"தப்பிட்டா வீங்கும். ரெண்டு வாரத்துல வத்திரும். எனக்கு மெமோ வரும். அது வத்தாது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

மரக்கிற மருந்து போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். பழைய இடத்துக்கு மூன்று விரல் மேலே, குழாயின் துடிப்பை விரலால் தடவித் தேடினாள். இத்தனை வருடத்தில் அந்த இடத்தை அவள் தொட்டுப் பார்த்ததே இல்லை. துடிப்பு இருந்தது, ஆழமாக இருந்தது. ஊசி நுழைந்தபோது, "யா அல்லாஹ்" என்று அலாவுதீன் வாய்விட்டே கத்திவிட்டார். ரத்தம் வரவில்லை. அவள் நெற்றியில் வேர்த்தது. பாட்டியம்மாவின் கறுத்த கை கண் முன்னால் வந்து நின்றது. இழுத்து எடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவள் எடுக்கவில்லை. ஊசியை மயிரிழை சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டாள். ஊசியின் டியூபில் ரத்தம் ஏறியது. இரண்டாவது ஊசி ஒரே குத்தில் சேர்ந்தது, ஆனால் வலி குறையவில்லை. அலாவுதீனின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் கண்ணிலும்தான்.

எட்டாம் நம்பர் நாற்காலியில் கிடந்த நாகலிங்கம், மட்டக்களப்புக்காரர், போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். "சுகிர்தா சிஸ்டர் குத்தி ஒராள் கத்தினத இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்றார்.

"அடுத்தது நீங்கதான் நாகலிங்கம் அண்ணே. உங்க கையையும் பாக்கணும்," என்றாள் அவள். நாகலிங்கம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர்களுக்கு ஆட்டம் ஞாபகம் வந்தது. மடியில் டேப்லெட் சத்தமில்லாமல், நடந்து முடிந்ததைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்துச் சமன் செய்யாமல், கோச் துணிந்து நாலாவது வாய்ப்பையும் ஆடச் சொல்லியிருந்தார். ஆனால் துணிந்தவர் என்ன செய்தார் என்றால், அதே பருத்த ஆளின் கையில் பந்தைக் கொடுத்து அதே நடுவில்தான் விட்டிருந்தார். மனிதக் குவியலுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்து அளந்து பார்த்தார்கள். நாலு விரல் அளவு தாண்டியிருந்தது.

"போச்சு," என்றார் அலாவுதீன். "இனி பத்து வருசத்துக்கு நடுவுலதான் விடுவான்."

வியாழக்கிழமை அவர் வந்தபோது ஆட்டம் எதுவும் இல்லை, டேப்லெட்டும் கொண்டு வரவில்லை. புதிய இடத்தில் மெல்லிய நீலம் பாய்ந்திருந்தது, வீக்கமில்லை. செவ்வாயன்று ரத்தம் ஒன்பது நிமிடத்தில் நின்றதை அவள் சார்ட்டில் எழுதியிருந்தாள். இந்த இரண்டு நாளில் நிலையத்தில் அவள் பெயர் கொஞ்சம் கெட்டிருந்தது, நாகலிங்கம் அண்ணன் சும்மா இருக்கிற ஆளில்லை.

அலாவுதீன் சட்டைக் கையைச் சுருட்டினார். பழக்க தோஷத்தில் அவர் விரல் பழைய இடத்தை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. காட்ட வந்த கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"வலிக்கும் காக்கா," என்றாள் அவள்.

"தெரியும் சிஸ்டர். இப்படியே சொல்லிட்டுக் குத்துங்கோ."