நாலாவது பையனைக் காணவில்லை

எம்ஆர்ஐ எடுக்கும் தொழிலில் இயந்திரத்தைச் சமாளிப்பது சுலபம். அதற்குள் படுத்திருக்கும் ஆளின் பயத்தைச் சமாளிப்பதுதான் வேலை. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினெட்டு வருடமாக அதைச் செய்துவருகிறேன். அதைவிடப் பழைய வேலை ஒன்றும் எனக்கு உண்டு. ஹார்பர் ஃபைவ் என்று ஐந்து பையன்கள் சேர்ந்து பாடிய குழுவுக்கு ரசிகையாக இருப்பது. பதினாலு வயதில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது.

அந்தப் பையன்களுக்கு இப்போது தலை நரைத்து, தொப்பை போட்டு, ஒருவருக்குப் பேத்தியே பிறந்துவிட்டது. நமக்கு இன்னும் பையன்கள்தான். "இந்த வயசுல இது தேவையா?" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு மரத்துப்போனவர்களே, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆல்பம் கேட்பவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் இடது காது போய்க்கொண்டிருந்தபோது மூன்று வாரம் அதைக் கவனிக்காமல் நான் வேறு யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உங்களில் யாரும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

ஒரு முழங்காலுக்கு ஆறு பாட்டு

ஸ்கேன் குழாய்க்குள் படுத்தவருக்குக் கடிகாரம் தெரியாது. இயந்திரம் டமடமவென்று இடித்துக்கொண்டே இருக்கும். அதற்காகக் காதில் ஹெட்போன் மாட்டி, கேட்ட பாட்டைப் போடுவோம். "ஏதாவது போடுங்க" என்று சொல்லி மாட்டிக்கொள்பவர்களுக்கு என் பையன்கள்தான். பெரியவர்களிடம் இருபது நிமிடம் என்று சொன்னால் அரை மணி நேரமாகத் தோன்றும். "இன்னும் மூணு பாட்டு" என்று மைக்கில் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். இரண்டாவது ஆல்பத்தில் ஆறு பாட்டு முடிந்தால் ஒரு முழங்கால் முடிந்துவிடும். முதுகுக்கு முதல் ஆல்பம் முழுவதும் வேண்டும். ஒரே அறையில் என்னோடு வேலை பார்க்கும் கவிதா, ஆறு வருடத்துக்கு முன் திருச்சியிலிருந்து வந்தவள், இதற்காகவே ஒருநாள் ராஜினாமா செய்யப்போவதாகச் சொல்வாள்.

தோ பாயோவிலிருந்து வந்த ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், படுத்ததுமே இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. எந்த நிமிடமும் "வெளியே எடு" என்று கத்துவார் என்று நினைத்தேன். ஒவ்வொரு பாட்டாக எண்ணிச் சொல்லி, எப்படியோ ஆறையும் தாண்ட வைத்தேன். இறங்கிச் செருப்பு மாட்டும்போது நன்றி சொல்லப்போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் சொன்னது: "முட்டி வலியக்கூட பொறுத்துக்கலாம்மா, அந்த நாலாவது பாட்டத்தான் பொறுக்க முடியல."

டேனியை வெட்டிவிட்டார்கள்

இந்த வருடம் அதே இரண்டாவது ஆல்பத்தின் புதுப் பதிப்பு வந்தது. சத்தத்தையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்ததாக விளம்பரம். வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். மூன்றாவது பாட்டில் எல்லோரும் சேர்ந்து பாடும் இடம் முடியும்போது, டேனியின் குரல் இல்லை.

நாலாவது பையன் டேனி யாரென்று சொல்லிவிடுகிறேன். எல்லாக் குழுவிலும் போட்டோவில் ஓரத்திலிருந்து இரண்டாவதாக ஒருவன் நிற்பான். தனியாக ஒரு வரி கூடப் பாடத் தரமாட்டார்கள். மற்றவர்கள் பாடும்போது மேலே ஒரு மெல்லிய குரல் கொடுப்பதுதான் அவன் வேலை. அவனைப் பிடித்துப்போன என்னைப் போன்றவர்களுக்கு மொத்தச் சொத்தே அந்தக் குரல்தான். அதைத் துடைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த வாரமே பாட்டுக் கம்பெனிக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன், மூன்றாவதில் மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது. அதே வாரம் இடது காது அடைத்த மாதிரியும் இருந்தது. நாள் முழுக்க ஏர்கானில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் அடைக்காது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ரசிகைகள் வாட்ஸ்அப் குழுவில், கிளமெண்டியில் இருக்கும் ரோஸ்லின், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், தனக்கு டேனி நன்றாகக் கேட்பதாக எழுதினாள். முப்பது வருடமாக டேனியைக் கேட்பவளிடம் இப்படிச் சொன்னால்? எல்லோரும் பார்க்க, "நீ முதலில் போய்க் காதைக் காட்டு" என்று எழுதினேன். ரோஸ்லின் ஒரு மாதிரி. நிஜமாகவே போய்க் காட்டினாள். காது பரிசோதனைத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, கீழே ஒரே வரி: "என் ரெண்டு காதும் நார்மல் லா, இப்ப உன்னோடத போய் செக் பண்ணு."

பந்தை அமுக்காதவர்

குழாய்க்குள் போகிறவரின் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம். பயமாக இருந்தால், மூச்சு முட்டினால், அமுக்க வேண்டும்; எங்கள் அறையில் மணி அடிக்கும். இரண்டாவது வாரம், கட்டுமான இடத்தில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்ட ஒருவர் வந்தார். பெயர் செல்வராஜ், புதுக்கோட்டைக்காரர். பந்தைக் கொடுத்தேன், விளக்கமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

கவிதா உடை மாற்றும் அறைப் பக்கம் போயிருந்தாள். நான் வலது காதில் போனை வைத்து அடுத்த ஆளுக்கு நேரம் சொல்லியபடி திரையில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு சத்தமே இல்லை. திடீரென்று கவிதா ஓடிவந்து என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினாள். "அக்கா, அவர் எவ்வளவு நேரமா கூப்புடுறாரு!" என்றாள். என் இடப்பக்கம் இருந்த ஸ்பீக்கரில் அவர் "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே இழுத்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு மனிதர் உள்ளே கிடந்து தவித்திருக்கிறார், நான் ஸ்பீக்கருக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அப்போதாவது புத்தி வந்ததா? இல்லை. ஸ்பீக்கர் பழுது என்று எழுதிக் கொடுத்தேன். முதலில் பாட்டுக் கம்பெனி, அடுத்து ரோஸ்லின், அடுத்து ஸ்பீக்கர். செல்வராஜுக்குத் தண்ணீர் கொடுத்து, ஏன் பந்தை அமுக்கவில்லை என்று கேட்டேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அமுக்குனா மிஷினு நின்னு போயிரும், எங்க கம்பெனிக்கு போன் போட்டு சொல்லிருவீங்க, ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேன் மேடம்."

பழைய சிடி

ரோஸ்லினை மடக்க ஒரே வழி பழைய சிடி. அதில் டேனி இருப்பான், புதியதில் இருக்கமாட்டான், இரண்டையும் பதிவு செய்து குழுவில் போட்டால் கதை முடிந்தது. மூன்றாவது வாரக் கடைசியில் அலமாரியைக் கலைத்து எடுத்துப் போட்டேன். பழையதிலும் டேனி இல்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் சிடி கெட்டிருக்கும் என்று நினைத்தேன். முதல் ஆல்பத்தைப் போட்டேன், இல்லை. மூன்றாவதைப் போட்டேன், அதிலும் இல்லை. அப்போது கணவர் மோகன் வலப்பக்கம் வந்து ஏதோ கேட்க, ஹெட்போனைக் கழற்றிப் பதில் சொல்லிவிட்டு மறுபடி மாட்டினேன். அவசரத்தில் இடம் வலம் மாறிவிட்டது. டேனி வந்துவிட்டான். வலது காதில், பதினாலு வயதில் கேட்ட அதே குரல். அவனுக்கு ஜோடியாக வலப்பக்கம் பாடும் ஐந்தாவது பையனைக் காணவில்லை. திருப்பி மாட்டினேன், டேனி போனான், ஐந்தாமவன் வந்தான். மறுபடி மாற்றினேன். மறுபடி. யார் எந்தப் பக்கம் பாடுகிறார்கள் என்று பதினைந்து வயதில் நோட்டில் படமே போட்டு வைத்தவள் நான். அந்த ஆல்பங்களில் ஒன்றும் குறையவில்லை, குறைந்தது என் இடது காதில்.

நிமிர்ந்து பார்த்தேன். மோகன் இடப்பக்கம் வந்து நின்றிருந்தார். இடது காதுப் பக்கம் மட்டும் ஹெட்போனை விலக்கினேன். அவருடைய வாய் அசைவதுதான் தெரிந்தது. வலது பக்கத்தையும் கழற்றிய பிறகுதான் கேட்டது: "மூணு வாரமா கேக்குறதுல பாதிக்குப் பதில் சொல்ல மாட்டேங்கிற, என் மேல என்ன கோவம்?"

டாக்டருக்கு ஒரு விளக்கம்

காது டாக்டர் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வலது காதின் கோடு மேலே ஓடியது, இடது காதின் கோடு சரிந்து கீழே கிடந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். முதல் சில நாளில் வந்திருந்தால் மாத்திரையில் சரியாக நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். இப்போதும் கொடுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. கேட்கும் நரம்பில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று எம்ஆர்ஐயும் எடுத்துவிட வேண்டும்.

கட்டி என்ற சொல் எனக்குப் புதிது அல்ல. வாரத்துக்கு இரண்டு மூன்று பேரின் சீட்டில் படிக்கிறேன். என் பெயருக்குக் கீழே படித்ததில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரித் தொழிலில் இருந்துகொண்டு ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை. டேனி, புதுப் பதிப்பு, கம்பெனிக்கு எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "கம்பெனிக்கு மூணு தடவ எழுதியிருக்கீங்க, இங்க ஒரு போன் போட்டிருக்கலாமே" என்றார்.

கதவு திறந்தால்

எங்கள் சென்டரிலேயே படுத்தேன். கவிதா எடுத்தாள். என் தலையைக் கூண்டுக்குள் பொருத்தி, இரண்டாவது ஆல்பத்தைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

விஷயம் தெரியாமல் படுப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் இடத்தில் இந்த ஸ்கேனுக்கு முதலில் ஊசி கிடையாது. படத்தில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால்தான் நடுவில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து மருந்து ஏற்றுவோம். முடிவை நாங்கள் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் திரையில் கெட்டது தெரிந்துவிட்டால் எங்கள் குரல் தன்னால் இனித்துவிடும். "பயப்படாதீங்கம்மா, நல்லா படுத்திருக்கீங்க" என்போம், போர்வையை இழுத்துவிடுவோம். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, எல்லோரும் செய்வோம். இந்தப் பதினெட்டு வருடத்தில், கட்டி இருக்கும் ஒருவரை நாங்கள் யாரும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு பக்கம்தான் இடித்தது. மறுபக்கம் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது. நாலு பாட்டில் முடிய வேண்டும். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. மூன்றாவதில் டேனி வரும் இடத்தில் ஒன்றும் வரவில்லை. இங்கே இருக்கிறான், இங்கே இருக்கிறான் என்று நானே மனதுக்குள் பாடிக்கொண்டேன். நாலாவது முடிந்தது. ஐந்தாவது ஆரம்பித்தது. இயந்திரம் நிற்கவில்லை. கவிதா எதையோ மறுபடி எடுக்கிறாள். பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றது, பாட்டும்தான். மோகனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன். கதவு திறக்கும் சத்தம் வந்தது. ஒரு காது போனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் போய்விடும். அவள் எங்கே வருகிறாள் என்று தெரியவில்லை. கண்ணுக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் முதலில் என் பாதம் தெரிந்தது, பிறகு அவளுடைய உடை. கையில் ஊசித்தட்டு இருக்கிறதா என்று பார்த்தேன், கை தெரியவில்லை. அந்த இனிப்புக் குரலுக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.

கவிதா என் கணுக்காலில் பளீரென்று ஒரு அடி போட்டாள். அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்டுத்தான், உள்ளே கிடந்தபடியே, கண்ணீர் அந்தக் கேட்காத காதுக்குள் வழிந்து இறங்கும்வரை அழுதேன்: "அறிவிருக்காக்கா உங்களுக்கு? ஊருக்கெல்லாம் ஆடாதீங்க ஆடாதீங்கன்னு சொல்லிட்டு, கால ஆட்டி ஆட்டி தாளம் போட்டு ரெண்டு தடவ என் படத்த நாசம் பண்ணிட்டீங்க! இனிமே பாட்டு கெடையாது, வாய மூடிட்டு செவனேன்னு படுங்க!"

கட்டி இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார், இடது காது திரும்பி வரவும் இல்லை. ஐந்து பேரில் யார் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று சொல்லிவிடும் ரசிகைக்கு, தன் காது போனதைச் சொல்ல மட்டும் நாலாவது பையன் வேண்டியிருந்தான்.