நாலு வருஷத்துச் சாம்பார் வழக்கு

பம்பாயில் நான் மதராஸி. பிறந்தது தாமிரபரணிக் கரையில், படித்தது அம்பாசமுத்திரத்தில், இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருப்பது மாட்டுங்காவில். மதராஸ் பட்டணத்தில் என் வாழ்நாளில் நான் கழித்தது மொத்தம் ஐந்து மணி நேரம். எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் பம்பாய் மெயிலைப் பிடிக்கும்வரை இருந்த நேரம் அது. இருந்தும் பால்காரருக்கும் தபால்காரருக்கும் டிராம் கண்டக்டருக்கும் நான் மதராஸிதான். முதலில் ஒவ்வொருவரையாகத் திருத்தினேன். நாற்பத்தோராவது ஆளோடு அலுத்துவிட்டது. பெயர்ப்பலகையில் மதராஸ் என்று எழுதிக்கொண்ட ஹோட்டல்களும் என்னைப் போலத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவையும் மதராஸைக் கண்டதில்லை.

இந்த ராஜதானியில் அப்படிப்பட்ட ஹோட்டல்கள் பதினேழில் நான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். பூனாவில் தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் சர்க்கரை வைத்தார்கள். தாணேயில் வைத்த இட்லியை நான் விரலால் பிய்க்க முயல, அது தட்டோடு நகர்ந்து எதிரே இருந்தவரிடம் போய்விட்டது. பதினாறு இடங்களில் ஏமாற்றம். பதினேழாவதில் நான் போவதற்குள் எல்லாம் தீர்ந்திருந்தது. அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆயிரம் மைலுக்கு இப்பால் உட்கார்ந்து, நம் ஊர்ப் பெயர் போட்ட ஒரு கிண்ணத்தை ஆசையாக வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

எங்கள் கட்டடத்தில் எதிர்வீடு தேஷ்பாண்டே மாஸ்டருடையது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். யுத்தம் தொடங்கிய வருஷம் குடி வந்தார். அன்று முதல் எங்களுக்குள் ஒரே வழக்கு. எங்கள் சாம்பாரும் அவர்கள் வீட்டு ஆம்டியும் ஒன்றே என்பது அவர் கட்சி. ஆம்டி என்பது அவர்கள் பருப்புக் குழம்பு, வெல்லம் போடுவார்கள். சாம்பாரில் வெல்லம் போடுகிறவன் பாயசத்தில் மிளகாய் போடுவான் என்பது என் கட்சி. எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் கிண்ணம் போகும். சாப்பிட்டுவிட்டு, “அதேதான்” என்று சிரிப்பார். நாங்கள் பேசுவது பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். ஆகையால் சண்டை முற்றும்போது இருவருக்குமே சொல் கிடைக்காது. அதுதான் எங்கள் சிநேகத்தைக் காப்பாற்றியது.

போன மாதம் அவர் நாகபுரியில் மகனோடு இருக்கப் போவதென்று முடிவாயிற்று. அவர் மனைவி சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டாள். என் மனைவி செண்பகம், மகள் பிரசவத்துக்காக ஊர் போயிருந்தாள். மாஸ்டருக்கு ரயில் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை என் மனம் பொறுக்கவில்லை. இந்த மனிதர் இப்படியே போனால், நாகபுரியில் நாலு பேரிடம் சாம்பாரும் ஆம்டியும் ஒன்று என்றுதான் சொல்லுவார். நான் போய் மறுக்க முடியாது. கிர்காமில் ஒரு புது ஹோட்டலை நம் ஆட்கள் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரைச் சாயங்காலம் டிராமில் அழைத்துப் போனேன்.

சர்வர் ஒரே கையில் நாலு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான். நாலு விரலும் தண்ணீருக்குள். அதை மன்னித்தேன். இட்லி வந்தது. சாம்பார் தனிக் கிண்ணத்தில், கரண்டியோடு வந்தது. ஒரு வாய் வைத்தேன். வெல்லம்.

நான் கிண்ணத்தைக் காட்டித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். மதராஸிகள் ருசித்தால் தலையாட்டுவார்கள் என்று சர்வருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகம் மலர்ந்து இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போனான்.

மாஸ்டர் கண்ணை மூடி ருசித்தார். “பிள்ளை சாஹேப், இதுக்காகவா நாலு வருஷம் என்னோட சண்டை போட்டீங்க? இது எங்க ஆம்டியேதான்.”

“இது சாம்பார் இல்லை, மாஸ்டர்.”

“போர்டுல மதராஸ்னு இருக்கே.”

“என்னையும்தான் மதராஸின்னு சொல்றாங்க. நம்புவீங்களா?” என்று சொல்லிவிட்டு எழுந்து நேரே சமையல்கட்டுக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

உள்ளே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒருவர் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். நான் தமிழில் கத்த ஆரம்பித்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அண்ணாச்சி நம்ம பக்கமா? வையும்போதே தெரியுதே.”

பெயர் சுடலைமுத்து. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், ஜாகை தாராவி. நம் ஊர்க்காரர் என்றால் கோபம் இரட்டிக்கிறது. “திருநேலிக்காரன் கையாலா இதைச் செய்தது?” என்றேன்.

“என்ன செய்யச் சொல்லுதிய? வெல்லத்த நிறுத்தியும் பாத்தாச்சு. மூணு நாளு அண்டா அப்படியே கெடந்துச்சு. மொதலாளி என்னைய ஊருக்குப் பொறப்படச் சொல்லிட்டாரு.” குரலைத் தாழ்த்தினார். “எங்க ஆளுவளுக்குன்னு தனியா ஒரு சட்டி வச்சிருக்கேன். வெல்லம் எந்தத் திசையில இருக்குன்னு அதுக்குத் தெரியாது. ஊத்தட்டா?”

எனக்கு உயிர் வந்தது. ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு மேஜைக்கு வந்தோம். பின்னாலேயே சுடலைமுத்துவும் கரண்டியோடு வந்து நின்றார். வெற்றியை ஒரு நிமிஷம் நீட்டிக்க நினைத்து, கிண்ணத்தில் மிதந்த மிளகாயை எண்ணினேன்: மூன்று. பிறகு இட்லியைத் தோய்த்துப் பெரிய வாயாகப் போட்டுக்கொண்டேன்.

காது அடைத்துவிட்டது. புளி பல்லைப் பிடித்தது. மிளகாய் மூக்கு வழியாக வெளியே வந்தது. இருமி, விரல் முக்கிய தண்ணீர் இரண்டு தம்ளரைக் குடித்தேன். “இதில் என்னவோ குறைகிறதே” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

“ஒண்ணும் கொறையலியே அண்ணாச்சி. நம்ம பக்கத்துல இப்படித்தான் வைப்பாவ.”

மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “கோவிச்சுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை போயிடுவேன், அதனால சொல்றேன். நாங்க வந்த வருஷம் உங்க வீட்டம்மாவுக்குக் காய்ச்சல். என் சம்சாரம்தான் வந்து சமைச்சா. அவ பழக்கப்படி ஒரு துண்டு வெல்லம் போட்டுட்டா. நீங்க சாப்பிட்டுட்டு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. பம்பாய்க்கு வந்த பதினெட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் சாம்பார் ஊர்ச் சாம்பார் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அதைச் செண்பகத்தின் காய்ச்சல் படுக்கைக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்.

“அன்னியிலேருந்து தினமும் ஒரு துண்டு போடறாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு ரெண்டு பொம்பளைகளும் என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க. கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும்.”

மாடிப்படி நாற்பத்தாறு என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டில் எத்தனை புறா வந்து உட்காருகிறது என்று தெரியும். நாலு வருஷம், தினம் ஒரு துண்டு; அதில் ஒன்றுகூட என் கணக்கில் வரவில்லை. கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டரும் சிரித்தார். சுடலைமுத்து அண்டாவை மறந்து, கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தார். சர்வர் இது எதுவும் புரியாமல் இன்னொரு தரம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

சிரித்து முடித்த பிறகு மாஸ்டர் என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணில் நீர் கொட்டியது. வழுக்கைத் தலை முழுக்க வேர்வை. “இது ஆம்டி இல்லை,” என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “ஒத்துக்கறேன். இது வேற.” துடைத்துத் துடைத்து முழுக் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்டார். நாலு வருஷத்து வழக்கில் நான் ஜெயித்த நேரம் அது. அந்த நேரத்தில் நான் அவருடைய வெல்லச் சாம்பாரில் மூன்றாவது இட்லியைத் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாஸ்டரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும் வழியில், கடையில் ஒரு கட்டி கோலாப்பூர் வெல்லம் வாங்கினேன். அன்றே செண்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். புதிதாகப் பிறந்த பேத்தியின் எடையைத் தவறாமல் எழுதச் சொன்னேன். வரும்போது நம் தோட்டத்து மிளகாய் வற்றல் இரண்டு வீசை கொண்டுவரச் சொன்னேன். வெல்லம் இங்கேயே வாங்கி வைத்தாயிற்று என்று கடைசி வரியில் எழுதினேன்.

பதிலுக்கு வந்த கார்டில் மூன்றே வரி. பேத்தி ஆறு ராத்தல். மிளகாய் காய்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது வரி: “யார் சொன்னது?”

வெல்ல டப்பாவை அடுப்படியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். பக்கத்தில், இரண்டு வீசை மிளகாய்க்கு அளந்து இடம் விட்டிருக்கிறேன்.