அளவு நாடாவின் மேல் ஒரு கண்ணாடி

தையல் மெஷின் மெக்கானிக்குக்குக் கை சும்மா இருக்காது. வேலை ஓய்ந்த நேரத்தில் ஓட்டை உடைசல்களைக் கூட்டி எதையாவது பண்ணி வைப்பார். பொம்மைத் தலையின்மேல் இஸ்திரிப் பெட்டி என்றால் தலைக்கனம். உடைந்த ஜன்னல் சட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டிலின் மூக்கு, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது. பெயர் எழுதி ஒட்டமாட்டார். மகள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் சொல்லிவிட்டால் உடனே பிரித்துச் சாமானை டப்பாவில் போட்டுவிடுவார். சொல்லும்வரை தொடக் கூடாது. அப்பாவும் மகளும் போட்டுக்கொண்ட சட்டம் இது. வீட்டில் வேறெந்தச் சட்டத்துக்கும் இருவரும் கட்டுப்பட்டதாக மனைவிக்கு நினைவில்லை.

மகள் வேலைக்காகக் கடல் கடந்து போனபின் கடை வெறிச்சோடிப் போயிற்று. படம் எடுத்து அனுப்புவார். அவளும் சளைக்காமல் விடை எழுதுவாள். ஆனால் அவள் சிரிக்கும் சத்தம் கடைக்குள் கேட்கவில்லையே! அதற்குத்தான் அவர் ஏங்கினார். "எப்பம்மா வர்றே?" என்று கேட்க மட்டும் வாய் வராது. பிள்ளை அங்கே நிம்மதியாக இருக்கட்டும் என்று விழுங்கிவிடுவார்.

ஒருநாள் அளவு நாடாவை மேஜையிலிருந்து வாசல்வரை நீட்டினார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாசலைப் பார்த்தாற்போல் அதன்மேல் வைத்தார். படம் போயிற்று.

"தெரியலப்பா," என்றாள் மகள் போனில்.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா."

"யோசிக்கிறேன். அதுவரைக்கும் பிரிச்சிடாதீங்க. சட்டம்னா சட்டம்."

வாரங்கள் ஓடின. வாடிக்கையாளர்கள் நாடாவைத் தாண்டித் தாண்டி வந்து போனார்கள். கண்ணாடி இல்லாத மனிதர் தடவித் தடவி வேலை பார்த்தார். ஒரு திருகாணியைக் கோணலாக முறுக்கி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊசியில் நூல் கோக்க மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதெல்லாம் போகட்டும், இவ்வளவு சுலபமானது அவளுக்குத் தெரியவில்லையே, நம்மையே மறந்துவிட்டாளோ என்ற நினைப்புத்தான் அவரைத் தின்றது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. நூல் கோத்துக்கொண்டே போட்டு உடைத்தாள்.

"வழிமேல் விழி! படத்தைப் பார்த்த உடனே என்கிட்ட சொல்லி அழுதுட்டா உங்க பொண்ணு."

"அப்புறம் ஏன் என்கிட்ட தெரியலைன்னா?"

"சொன்னா நீங்க பிரிச்சிடுவீங்களாம். லீவு கிடைச்சு அவ வந்து பார்க்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கணுமாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாடா மிதிபடாமல் தாண்டி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார். "பழைய கண்ணாடி என்ன ஆச்சு? உடைஞ்சிடுச்சா?"

"இல்லைங்க," என்றார் மெக்கானிக். "அது கொஞ்சம் வேலையா இருக்கு."