செபமாலைமுத்துவைப் பாம்பு கடிக்காது

செபமாலைமுத்து பெரியப்பா என் அப்பாவின் மூத்த அண்ணன். ஹீத்ரோ விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. ஹவுன்ஸ்லோவில் ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில், கொட்டிலுக்குள் பல வருடமாகத் திருத்தி முடியாத ஒரு புல்வெட்டும் இயந்திரம். மனிதருக்கு வாழ்க்கையில் இரண்டே கொள்கைகள். உலகத்தில் எந்த மிளகாயும் உறைக்காது என்பது ஒன்று. மன்னாரில் புடையன் பாம்போடு படுத்து எழும்பியவனை இங்கிலாந்துப் பாம்பு எதுவும் செய்யாது என்பது மற்றது.

முதல் கொள்கையை அவர் யார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நிரூபிப்பார். கண்ணாலும் மூக்காலும் நீர் ஓடிக்கொண்டிருக்க, "இதென்ன, கறிக்குச் சீனி போட்டனீங்களோ?" என்று கேட்பார். "இவருக்குக் கடவுள் வாயை மட்டும்தான் வைச்சவர், நாக்கு வைக்க மறந்திட்டார்" என்பார் அவருடைய மனைவி அருள்நாயகி பெரியம்மா.

இரண்டாவது கொள்கையை நிரூபிக்க வழி கிடைக்கவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து அவர் மிருகக்காட்சிசாலைக்கு வெளியே பாம்பைக் கண்டதில்லை. ஆனாலும் புனிதர்களின் கதையிலிருந்து விளக்கம் சொல்வார். அயர்லாந்திலிருந்த பாம்பு முழுவதையும் புனித பற்றிக் துரத்திவிட்டாராம்.

"துரத்தினா அதுகள் எங்கை போகும் அத்தான்? பக்கத்திலை, இஞ்சைதானே வந்திருக்கும்?" என்று ஒருநாள் ஜெராட் மாமா கேட்டார். பெரியம்மாவின் தம்பி அவர்.

"வந்திருக்கும். ஆனா வெட்கத்திலை தலை தூக்காது."

போன மே மாதம் எங்கள் தேவாலயப் பங்கு மக்களின் சுற்றுலா. வழமையாகக் கடற்கரைக்குப் போவோம். இந்த முறை நடப்பது உடம்புக்கு நல்லது என்று சுவாமியார் சொன்னதால் லண்டனுக்குத் தெற்கே, சறே பக்கத்தில் புதர் மண்டிய ஒரு பற்றைவெளிக்குப் போனோம். கார் நிறுத்துமிடத்தில் ஒரு பலகை நின்றது. முதுகில் நெளிநெளியான கோடு போட்ட பாம்பொன்றின் படம், 'இங்கே விஷப்பாம்பு உண்டு, பாதையை விட்டு விலகாதீர்கள்' என்று அறிவித்தல். பெரியப்பா அந்தப் பலகையில்தான் எங்கள் சாப்பாட்டுப் பையைச் சாய்த்து வைத்தார்.

நடந்தது கொஞ்சம், சாப்பிட்டது அதிகம். கட்டுச்சோறு, றோல்ஸ், கட்லட், பொரித்த மோர்மிளகாய். சாப்பிட்டதும் பெரியப்பா எழுந்து பற்றைக்குள் போனார். கார் நிறுத்துமிடத்தில் சுத்தமான கழிப்பறை இருந்தது, காசும் கேட்கவில்லை. ஆனால் திறந்த வெளியைக் கண்டால் சில ஆண்களுக்குக் கழிப்பறை மறந்துபோகும். காலில் வெறும் செருப்பு.

திரும்பி வரும்போது நொண்டினார்.

"என்னப்பா நொண்டுறியள்?" என்றார் பெரியம்மா.

"முள்ளு."

பெரியம்மா அவருடைய காற்சட்டையை மேலே இழுத்துப் பார்த்தார். கணுக்காலுக்குச் சற்று மேலே அருகருகே இரண்டு புள்ளிகள். சுற்றிவரச் சிவந்து, அந்த இடம் அதற்குள்ளேயே வீங்கத் தொடங்கியிருந்தது.

"முள்ளுக்கு ரெண்டு பல்லோ அத்தான்?" என்றார் ஜெராட் மாமா.

"ரெண்டு முள்ளு."

"அந்த ரெண்டு முள்ளும் குத்தினாப் பிறகு அங்கையே நிண்டதோ, ஊர்ந்து போனதோ?"

பெரியப்பா சற்று யோசித்தார். "என்னவோ ஒண்டு அசைஞ்சு போனதுதான். முதுகிலை கோலம் போட்டிருந்தது. ஆனா அது பாம்பில்லை. பாம்பெண்டா எனக்குத் தெரியாதோ?"

"மாதாவே!" என்றார் பெரியம்மா.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கடிபட்டவருக்கு மிளகாயைத் தின்னக் கொடுக்க வேண்டும். உறைத்தால் விஷம் ஏறவில்லை. உறைக்காவிட்டால் ஏறிவிட்டது. அன்று அங்கே நின்றவர்களில் ஒரு கணக்காளர், மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒருவர், கணினிப் பொறியியலாளர்கள் பலர். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. பெரியம்மா இருந்ததிலேயே கறுத்த மோர்மிளகாயாகப் பார்த்து எடுத்துப் பெரியப்பாவின் வாய்க்குள் வைத்தார்.

பங்கே மூச்சுவிடாமல் பார்த்தது. பெரியப்பாவின் காதுகள் சிவந்தன. நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"உறைக்குதோ அப்பா?" என்றார் பெரியம்மா.

ஓம் என்றால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் ஓம் சொல்வது செபமாலைமுத்துவுக்குப் பழக்கமில்லாத காரியம்.

"இதென்ன உறைப்பு? சும்மா வெண்டிக்காய் மாதிரிக் கிடக்கு."

"ஐயோ, ஏறீட்டுது!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். யாரோ செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். ஜெராட் மாமா இடுப்புப் பட்டியை உருவி, பெரியப்பாவின் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். கணக்காளர் பழம் வெட்டும் கத்தியோடு வந்து, "கீறி ரத்தத்தை வெளியிலை விடுவம்" என்றார். வேறு இருவர் பெரியப்பாவைத் தூக்கி நடத்திக்கொண்டு போகக் கையைப் பிடித்தார்கள்.

அப்போதுதான் பெரியப்பாவுக்கு நிலைமை விளங்கியது. "நில்லுங்கோ, நில்லுங்கோ. கொஞ்சம் உறைக்குது."

"பாத்தீங்களோ," என்றார் ஜெராட் மாமா, "விஷம் தலைக்கேறினா இப்பிடித்தான் பேச்சு மாறும்."

நான் அதற்குள் அவசர உதவிக்கு 999-ஐ அழைத்திருந்தேன். மறுமுனையில் இருந்த பெண் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவள் சொன்னதை உடனுக்குடன் தமிழில் சொல்லியும் பார்த்தேன். கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, நடத்தக் கூடாது. ஒருவர் காதிலும் விழவில்லை. தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டேன். அதே சொற்கள் ஒரு வெள்ளைக்காரியின் ஆங்கிலத்தில் வந்ததும் திருத்தந்தையே பேசியது போலச் செபமாலையும் நின்றது, கத்தியும் நின்றது.

ஜெராட் மாமா மட்டும் விடவில்லை. "பட்டியைக் கழட்டினா விஷம் ஏறுமெல்லோ?"

"கழட்டாட்டி காலே போயிடுமாம், மாமா."

கழற்றினார். பட்டி இல்லாத இடைவெளியில் அவருடைய காற்சட்டை பாதி வழி இறங்கியிருந்தது. அத்தானின் காலைக் காப்பாற்ற முடிந்தது, மச்சானின் மானம் அதற்கு முன்பே போய்விட்டது.

பெரியப்பாவைப் படுக்க வைத்தோம். செருப்பைக் கழற்றி, கால் அசையாதபடி இரு பக்கமும் சாப்பாட்டுப் பைகளை அணைத்து வைத்தோம். பாம்பைத் தேடித் தடியோடு புறப்பட்டவர்களைத் தொலைபேசிப் பெண் தடுத்தாள். அடையாளம் மட்டும் கேட்டாள், சொன்னேன்.

சற்று நேரத்தில் பெரியப்பா சாப்பிட்டதையெல்லாம் சத்தியெடுத்தார். உதடுகள் தடித்தன. வீக்கம் கணுக்காலைத் தாண்டி மேலே நகர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் கிடந்தார். வீக்கத்தையும் வாந்தியையும் விட அந்த மௌனம்தான் எங்களை நடுங்க வைத்தது.

"என்னப்பா," என்று பெரியம்மா அவருடைய கன்னத்தைத் தடவினார். "ஏதாவது சொல்லுங்கோ. பொய்யெண்டாலும் பரவாயில்லை."

அம்புலன்ஸ் வந்தது.

வைத்தியசாலையில் ஓர் இளம் டொக்டர், பாதையில் நடக்கும்போதா கடித்தது என்று கேட்டார். தடித்த உதடுகளோடு பெரியப்பா ஆங்கிலத்தில், தான் செபிப்பதற்காக ஒதுங்கியதாகச் சொன்னார். டொக்டர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு வீக்கம் எட்டிய இடத்தில் பேனாவால் காலைச் சுற்றி ஒரு கோடு வரைந்தார். விஷமுறிவு மருந்து நாளம் வழியே இறங்கத் தொடங்கியது.

வீக்கம் அந்தக் கோட்டைத் தாண்டியது. முழங்காலுக்குக் கீழே இன்னொரு கோடு வரைந்தார்கள். அதையும் தாண்டினால் மீண்டும் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் டொக்டர். பெரியம்மா செபமாலையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போனது. தாதி வந்து அளந்தார், போனார். திரும்ப வந்து அளந்தார். மூன்றாவது முறை அளந்துவிட்டுச் சிரித்தார்.

பெரியம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தானே எழுந்து கோட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அதற்கு மேலே தோல் பழையபடி தளர்வாகவே இருந்தது.

"தாண்டேல்லை," என்றார்.

பெரியப்பா ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன தாண்டேல்லை?"

"வீக்கம்."

"அது எப்பிடித் தாண்டும்? நானெல்லோ பிடிச்சு நிப்பாட்டி வைச்சிருக்கிறன்."

பெரியம்மா அவருடைய கடிபடாத காலில் ஓங்கி ஓர் அடி போட்டார். பிறகு அதே காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.