அஞ்சாயிரத்தில் ஒரு லாரி: ஓடைப்பட்டிக்கு ஒரு ஈஸ்டர் பயணம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், கெங்குவார்பட்டி பஸ் நிறுத்தத்தில் சனிக்கிழமை காலை 6.10 மணிக்கு என் வலது செருப்பின் வார் அகால மரணமடைந்தது. இடது செருப்பு ஆழ்ந்த துக்கத்தில் இருப்பதால் யாரும் நேரில் வந்து விசாரிக்க வேண்டாம். ஊக்கு ஒன்றைக் கோத்துக்கொண்டு 6.25க்குத் தேனி பஸ் ஏறினேன்.

எதற்காக இந்தப் பயணம்? ப்ளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது. நான் வணிகவியல் படித்தவன், போதாக்குறைக்குப் போனில் பங்குச்சந்தை வீடியோ பார்ப்பவன். ஆகவே குடும்பத்தின் நிதியமைச்சர் பதவி போட்டியின்றி எனக்கே கிடைத்தது. ஓடைப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் லூர்து அத்தைக்கு ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அத்தையிடம் உள்ள இரண்டாயிரம் பங்குகளைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்களாம், திங்கட்கிழமை கடைசி நாளாம். கொடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா? போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: கொடுக்காதீர்கள். அப்படியானால் ஈஸ்டருக்கு நேரில் வந்து விளக்கு என்றார் அத்தை.

எங்கள் வீட்டில் பங்கு என்றால் பங்குச் சாமியார், பங்குக் கோயில், அவ்வளவுதான். சந்தையில் விற்கிற பங்கை முதலில் வாங்கியவர் அத்தையின் வீட்டுக்காரர் சூசை மாமா. கர்நாடகத்தில் ஒரு சின்ன மாங்கனீசுச் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் ஃபோர்மேனாக இருந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்தக் கம்பெனியின் பங்கையே வாங்கினார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஏன் என்று கேட்டால் பரீட்சை என்பேன். நம்பிவிடுங்கள்.

தேனிக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர், இருபத்தெட்டு ரூபாய். அங்கிருந்து சின்னமனூருக்கு இருபது ரூபாய். வீரபாண்டி தாண்டியதும் வலதுபக்க சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மலை கூடவே வரும். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது கண் தானாக டீக்கடைப் பக்கம் போனது. லீவில் வரும் மாமா அங்கேதான் எனக்காக நிற்பார். ஒருமுறை மிட்டாய்த் தாளில் சுற்றி ஒன்றைக் கொடுத்தார். கடித்தேன், பல் ஆடியது. உள்ளே கறுப்பாக, கனமாக ஒரு மாங்கனீசுக் கல். அவர் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரரே வெளியே வந்துவிட்டார். என் குறும்புக்குக் குருகுலம் அந்த டீக்கடைதான். அந்தக் கல் இன்னும் என் மேசையில் பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அந்த ரோட்டில் எதிரே லாரி வந்தால் மாமா ஒரு வசனம் சொல்வார்: "ஏலே, எங்க சுரங்கத்துல அஞ்சாயிரம் லாரி வெளிய போனா அதுல ஒரு லாரி என்னோடது." பெருமைக்குச் சொன்னதல்ல, கணக்கு. அவர் வாங்கியபோது கம்பெனியில் மொத்தம் ஒரு கோடிப் பங்கு. அவருடையது இரண்டாயிரம். ஆக, அஞ்சாயிரத்தில் ஒன்று.

ஓடைப்பட்டி பஸ் பன்னிரண்டு ரூபாய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது. வழியெல்லாம் திராட்சைப் பந்தல். பத்தரைக்கு அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை திராட்சைக் கமிஷன் கடையில் எடை எழுதுகிறவர். என் செருப்பைப் பார்த்துவிட்டு, நிதியமைச்சர் ஊக்குப் போட்டுத்தான் ஊர்வலம் போவாகளோ என்று கேட்டார். நான் அதைக் காதில் வாங்காமல் கடிதத்தை விரித்து விளக்கினேன்.

வாசகர்களுக்கும் அதே விளக்கம். இன்றைக்குக் கம்பெனியில் ஒன்றரைக் கோடிப் பங்கு. சந்தை விலை நாற்பது ரூபாய். மொத்த மதிப்பு அறுபது கோடி. கம்பெனி ஆறு லட்சம் பங்கை நாற்பத்தாறு ரூபாய்க்குத் திருப்பி வாங்குகிறது, செலவு இரண்டே முக்கால் கோடிச் சொச்சம். அதை அறுபது கோடியால் வகுத்தால் 4.6 சதவீதம். இதற்குத்தான் பைபேக் யீல்டு என்று பெயர். வாங்கிய பங்கைக் கம்பெனி அழித்துவிடும். ஆள் குறைந்தால் மீதி இருப்பவர்களின் பாகம் பெருகும். ஆகவே கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாலே லாபம் என்றேன். அத்தை "அப்படியா" என்று மட்டும் சொன்னார். மாமாவின் பங்கைப் பிரிய அவருக்கு மனமில்லை, என் தீர்ப்பு அவருக்கு ஆறுதல் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சனி மத்தியானம் எனக்கு இன்னொரு உத்தியோகம் கிடைத்தது. தவக்காலம் முழுக்கக் கறி தின்னாத ஊர், ஈஸ்டர் விடியலில் கூறு போடும். எல்லாரும் பணம் போட்டு ஆடு வாங்கிச் சரிசமமாகப் பிரித்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அண்ணன்தான் அதற்குப் பொறுப்பு. இந்த முறை இருபது கூறு, கூறு எண்ணூறு ரூபாய், இரண்டு ஆடும் வாங்கிக் கட்டியாயிற்று. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பட்டியல் நோட்டை என்னிடம் கொடுத்தார். ஏழாவது பெயர் சூசை. மாமா போன பிறகும் அத்தை அந்தப் பெயரை எடுக்கவிடவில்லையாம்.

நோட்டு என் கையில் இருந்தால் சும்மா இருக்குமா? கீழத்தெருவில் கிரிக்கெட் ஆடும் நாலு பையன்கள் பட்டியலில் விட்டுப்போயிருந்தார்கள். ஆளுக்கு எண்ணூறு வாங்கிக்கொண்டு இருபத்து நாலாக்கினேன். மூவாயிரத்து இருநூறு என் பாக்கெட்டில். அதில் புது மட்டை வாங்குவதாக நாங்கள் ஐவரும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். ஆட்டுக்கு இந்தத் தீர்மானம் தெரியாது.

ஞாயிறு காலை ஆறு மணி. தார்ப்பாயில் வாழையிலைகள், ஒவ்வொன்றிலும் தொடை, நெஞ்செலும்பு, ஈரல் என்று கிலோ கிலோவாக இருபது குவியல். ஆரோக்கியம் அண்ணன் பெயர் வாசிக்க ஆரம்பித்தார். இருபதுக்குப் பிறகும் பெயர் வந்துகொண்டே இருந்தது. இலை தீர்ந்துவிட்டது. அண்ணன் நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"ஏலே, ஆடு ரெண்டுதான். நீ எழுதி எழுதி மூணாவது ஆட்டை வரவச்சிருவியோ?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேரில் இரண்டு பேர் அங்கேயே நின்றார்கள், இரண்டு பேர் இன்னும் வரவில்லை. வராதவர்களின் பெயரை எல்லார் முன்னாலும் அடித்தேன். ஊர் நன்மைக்காக அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து இரண்டு கூறுகளை என் சொந்தப் பொறுப்பில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அறிவித்தேன். கைதட்டல் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

அத்தை தூக்குச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மருமவனே, நேத்து இருபது. இன்னைக்கு இருபத்திரெண்டு. இதுல நீ எதக் குறைச்ச?"

இருபது குவியலையும் கலைத்து மறுபடி போட்டார்கள். கிலோ இருந்த இடத்தில் தொள்ளாயிரம் கிராம். ஏழாவது இலையைப் பார்த்தேன். மாமாவின் கூறும் சுருங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்தேன். முதல் பக்கத்துப் பளபளப்பை விட்டுவிட்டுப் பின்னால் பொடி எழுத்துக்குப் போனேன். அங்கன இருந்தது என் பட்டியல் நோட்டு! இந்த வருடமே பதினாறு லட்சம் புதுப் பங்கு வரப்போகிறது. கம்பெனி நடத்துகிறவர்களின் சொந்தக்காரர்களுக்கு, இருபத்தைந்து ரூபாய் விலையில். பின்னால் இந்த விலைக்குப் பங்கு தருகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுப்பார்கள், அதற்கு வாரண்ட் என்று பெயர். ஆறு லட்சம் போய்ப் பதினாறு லட்சம் வந்தால் ஒன்றரைக் கோடி ஒரு கோடியே அறுபது லட்சமாகும். மாமாவின் லாரி அஞ்சாயிரத்தில் ஒன்றாக இருந்தது, இப்போது ஏழாயிரத்து ஐநூறில் ஒன்று, இனி எண்ணாயிரத்தில் ஒன்று. பைபேக் யீல்டு 4.6 என்று மட்டும் சொல்வது, இரண்டு பெயரை அடித்துவிட்டு நான் கைதட்டலுக்கு நின்ற கதைதான்.

புதுப் பங்கு என்றாலே மோசடி என்று சொல்லவில்லை. சின்னச் சுரங்கக் கம்பெனிக்குத் துளை போட்டுப் பார்க்கவே பணம் வேண்டும், கல் விற்குமுன் அது வேறு எங்கிருந்து வரும்? புதிதாக வந்த பணத்தில் ஆடு பெருத்தால் கூறு கூடியும் கறி குறையாது. பதினாறு லட்சம் பங்கு, இருபத்தைந்து ரூபாய் என்றால் நாலு கோடி; அது எதற்கு என்று இந்த அறிக்கையில் தேடினேன். "பொதுச் செலவுகள்" என்று இருந்தது. என் பாக்கெட்டில் இருந்ததும் பொதுச் செலவுதான்.

இதே பக்கம் வருகிறவர்களுக்கு: பஸ்ஸும் ஆட்டோவும் சேர்த்துப் போக எண்பது ரூபாய், மாற்றி ஏற நாலு மணி நேரம். ஈஸ்டர் காலையில் ஆட்டோ கிடைக்காது, சனிக்கிழமையே போய்விடுங்கள். திராட்சையைத் தோட்டத்து வாசலில் வாங்குங்கள். சுரங்கப் பங்கு வைத்திருப்பவர்கள் வருட ஆரம்பத்தில் மொத்தம் எத்தனை பங்கு, முடிவில் எத்தனை என்று இரண்டே எண்ணைப் பாருங்கள். வாரண்டையும் ஊழியர்களுக்குத் தருவதாகச் சொன்ன பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செருப்புக்கு ஊக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் முடித்திருந்தால் நான் மேதை. ஆனால் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் பொடி எழுத்துப் பக்கத்தை நான் திறந்தபோது ஓரத்தில் பென்சிலில் ஏற்கெனவே எழுதியிருந்தது: 5000, 7500, 8000. அத்தை எடைச்சீட்டில் எழுதும் அதே சாய்ந்த எழுத்து. அறிக்கையோடு சமையலறைக்கு ஓடினேன். அத்தை கறியைக் கிளறிக்கொண்டே சொன்னார், புதன்கிழமையே தேனிக்குப் போய் புரோக்கர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கு, எவ்வளவு எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. ஒன்றை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாராம்.

"பின்ன எதுக்கு அத்தை என்னைய வரச் சொன்னீக?"

"உங்க மாமா பேர்ல வாங்குற கூறு ரெண்டு வருசமா அப்படியே மிஞ்சிப் போகுதுடா. திங்க ஆளு வேணாமா?"

அந்தத் தொள்ளாயிரம் கிராமில் முக்கால்வாசி என் வயிற்றில்தான் இருக்கிறது. குறைந்த நூறு கிராமுக்கு நானே பொறுப்பு.