ஒன்பதாம் அறை காலியில்லை

நகராட்சியின் மடல் வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல்தான் வரும். வட்டாரத்தில் முதியோர் இல்லம் நடத்துகிற எல்லோருக்கும், வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிறவர்களுக்கும் ஒரே மடல். குளிர்காலத் தடுப்பூசி எப்போது, கையுறை எங்கே வாங்குவது, எந்தப் படிவம் மாறியிருக்கிறது, எந்தப் பயிற்சி ரத்து என்று பதினைந்து இருபது செய்திகள் இருக்கும். அதை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். முதல் பகுதி ‘செய்ய வேண்டியவை’, அடுத்தது ‘தெரிந்துகொள்ள வேண்டியவை’. இரண்டாம் பகுதியை யாரும் படிப்பதில்லை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும்.

கிளெண்டா ஹாவர்த் மட்டும் படிப்பார். எங்கள் ஃபெர்ன்கில் இல்லத்தின் மேலாளர். வயது அறுபத்து மூன்று. மடலைத் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்குக் கீழும் மர அடிக்கோலை வைத்து நகர்த்திப் படிப்பார். படித்து முடித்த செய்திக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி போடுவார். வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, ஆள் மாறும் நேரத்தில், எங்களை நிற்க வைத்து வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்.

“சர்ச்சுக்குப் போயிருந்தாக்கூட இவ்வளவு நேரம் நின்னுருக்க மாட்டேன்” என்பார் சமையல்காரி மோரா.

“சர்ச்சுல யாரும் மாட்டிக்கிறதில்ல, கண்ணு. இங்க மாட்டிக்குவோம்” என்பார் கிளெண்டா.

பத்தொன்பது வயதில் நகராட்சி இல்லம் ஒன்றில் துணி வெளுக்கச் சேர்ந்தவர் அவர். அந்த இல்லத்தை மூடினார்கள். அடுத்ததில் சேர்ந்தார், அதையும் மூடினார்கள். நடுவில் மாலை வகுப்பு எதற்கும் போகவில்லை. எழுதி வாங்க வேண்டிய சான்றிதழ்களைத் தபாலில் படித்து எழுதினார். ஒரு வருடம், கட்டிலின் தடுப்புக் கம்பிகளில் ஒரு வகை ஆபத்தானது என்று மடலில் வந்ததைப் படிக்காமல் விட்டுவிட்டார். ஒரு பாட்டியின் கை அந்தக் கம்பியில் சிக்கி நீலம் பூத்தது. அடிக்கோல் அதற்குப் பிறகு வந்தது.

வருகிற மார்ச்சில் ஓய்வு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. படியேறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று, அங்கே ஏதோ பார்க்க வேண்டியிருந்ததைப் போலப் பாவனை செய்வார்.

ஒன்பதாம் அறையில் இருப்பவர் நோரிஸ் என்ட்விசில். முப்பத்து நாலு வருடம் பதினாலாம் எண் பேருந்து ஓட்டியவர். அறையின் சன்னலுக்கு நேர் கீழே பேருந்து திரும்பும் வட்டம். இப்போதெல்லாம் அவருக்கு நாள் நினைவிருப்பதில்லை. மனைவி இறந்ததும் சில நாள் நினைவிருப்பதில்லை. ஆனால் சன்னலோரம் உட்கார்ந்தால் பேருந்தை வைத்தே மணி சொல்லுவார், சாப்பிட வேண்டிய நேரத்துக்குத் தானே எழுந்து வருவார். முன்பு ஒரு வாரம், குழாய் உடைந்து அவரை இரண்டாம் அறையில் போட்டிருந்தபோது, மூன்று நாள் சாப்பிடவில்லை. “வண்டி வரலையே” என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்டோபரில் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது. மலைக்கு அந்தப் பக்கம், பதினாலாம் எண் போகும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று வாரம் ஆனது. வெள்ளிக்கிழமை திரும்பி வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் எங்கள் இல்லத்தில் வாந்தி நோய் புகுந்தது. வேலைக்கு வர வேண்டிய ஏழு பேரில் மூன்று பேர் வரவில்லை. கிளெண்டாவே மேல்மாடியில் ஆறு பேருக்குக் கஞ்சி ஊட்டினார். ‘செய்ய வேண்டியவை’ பத்தையும் நின்ற நிலையில் வாசித்தார், கையெழுத்து வாங்கினார். மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

தினமும் காலை பத்துக்குள் ஒவ்வோர் இல்லமும் நகராட்சிக்குக் கணினியில் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ‘புதிதாக ஆள் சேர்க்கக்கூடிய அறைகள் எத்தனை?’ மூன்று வாரமாகக் கிளெண்டா பூஜ்யம் என்றே போட்டார். திங்கட்கிழமை கேள்வி மாறியிருந்தது. ‘இன்று ஆள் இல்லாத அறைகள் எத்தனை?’ ஒன்பதாம் அறையில் ஆள் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலாக ஒன்று என்று போட்டு அனுப்பினார். செவ்வாயும் ஒன்று. புதனும் ஒன்று.

புதன் காலை ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஆல்மா த்ரெல்ஃபால் என்ற அம்மாள் இரண்டு மணிக்கு வண்டியில் வருகிறார், ஒன்பதாம் அறைக்கு. குடும்பத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

“யார் சொன்னா காலின்னு?” என்றார் கிளெண்டா.

“நீங்கதான் சொல்லிருக்கீங்க. மூணு நாளா.”

கிளெண்டா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அங்கே பன்னிரண்டு வருடமாக மூத்த பராமரிப்பாளர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெறுமையைப் பார்த்ததில்லை.

“அந்தம்மா வரட்டுமே. நோரிஸுக்கு வேற எங்கயாவது ஒரு எடம் கிடைக்காதா? அவருக்கு என்ன தெரியப்போகுது?” என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. நானும் முந்தைய இரவிலிருந்து பதினோரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

“பதினாலு எங்கேன்னு கேப்பார்” என்றார் கிளெண்டா. “கேட்டுக்கிட்டே இருப்பார். சாப்பிட மாட்டார்.”

பத்தரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வெளியே ஐம்பது வயதிருக்கும் ஒருவர், மழையில் நனைந்த மேலங்கியோடு நின்றார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் மஞ்சள் துணிக் குடை போட்ட மேசை விளக்கு.

“ராய் த்ரெல்ஃபால். எங்கம்மா பொருள் கொஞ்சம். அவங்க வர்றதுக்குள்ள அறையில வச்சிட்டா பழகுன மாதிரி இருக்கும்னு.”

உட்காரச் சொல்லி விளக்கத் தொடங்குவார் என்று நினைத்தேன். கிளெண்டாவோ “வாங்க” என்று மாடிக்கு அழைத்துப் போனார். படிக்குப் படி நின்று நின்று. ராய் பின்னால் விளக்கோடு காத்துக் காத்து வந்தார்.

ஒன்பதாம் அறையில் கொக்கியில் நோரிஸின் தொப்பி தொங்கியது. சுவரில் பழைய பேருந்து நேர அட்டவணை. சன்னலோர நாற்காலியில் அவர் உட்கார்ந்த பள்ளம். கட்டிலடியில் செருப்பு, ஜோடியாக.

ராய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இங்க ஆள் குடியிருக்காரே.”

“ஆமா. ஆஸ்பத்திரியில இருக்காரு. வெள்ளிக்கிழமை வர்றாரு. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“தப்பாச் சொல்லிட்டீங்களா?” ராயின் குரல் உயர்ந்தது. “இதப் பாரும்மா, ஏழு வாரமா அவங்க அந்த வார்டுல கிடக்காங்க. நேத்து ராத்திரி நான் போய்ச் சொல்லிட்டு வந்தேன், சன்னல் இருக்கு, பஸ் தெரியும்னு. சிரிச்சாங்க. இன்னைக்கு நான் போய் என்னன்னு சொல்ல?”

“எனக்குத் தெரியல. நானே போன் பண்ணி அவங்ககிட்ட சொல்லணும்னா சொல்லிடறேன்.”

“வேண்டாம். நீங்க இதுவரைக்கும் சொன்னதே போதும்.”

அவர் மறுபடி நாற்காலியைப் பார்த்தார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கிளெண்டாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். படியிறங்கிப் போனார். விளக்கை நடையில் வைத்தவர் எடுக்க மறந்துவிட்டார்.

கிளெண்டா நகராட்சிக்குப் பேசினார். மடலை எழுதுகிற நைஜல் ஆஸ்பினாலே எடுத்தார். பத்து வருடமாக இரண்டு பேரும் தொலைபேசியில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

“கேள்விய மாத்திருக்கீங்க நைஜல்.”

“மடல்ல போட்டிருந்தோமே கிளெண்டா. பதினாலாவது செய்தி. ‘ஆள் இல்லாத’ன்னு முதல் பக்கத்துல கேக்கும். மூலையில இருக்குற அம்புக்குறிய அழுத்தினா அடுத்த பக்கத்துல, ‘அதுல யாருக்காவது பிடிச்சு வச்சது எத்தனை’ன்னு கேக்கும்.”

“அனுப்பற பொத்தான் முதல் பக்கத்துலயே இருக்கு!”

“ஆமா. நானும் சொன்னேன்.”

“அப்புறம் இத ஏன்யா ‘தெரிந்துகொள்ள வேண்டியவை’ல போட்டீங்க? செய்ய வேண்டியதுதானே இது?”

நைஜல் குரலைத் தாழ்த்தினார். “செய்ய வேண்டியதுல பத்துக்கு மேல போடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. இதையும் சேத்தா பதினொண்ணு ஆயிடும்.”

கிளெண்டா சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. மடல்கள் வைத்த கோப்பைத் திறந்து, போன வார மடலைப் புரட்டினார், நைஜலுக்கே அதை வாசித்துக் காட்டி வாதாடுவதற்கு. பதினாலாவது செய்தியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பக்கத்தில் அவருடைய பென்சில் சரி இருந்தது.

படிக்காமல் போட்ட சரி. பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தில், ஒரே சாய்வில் போட்டிருந்தார். கஞ்சிக் கறை ஒன்றும் அந்த ஓரத்தில் காய்ந்திருந்தது.

“கிளெண்டா? இருக்கீங்களா?”

“இருக்கேன். இப்ப என்ன செய்யணும்?”

“பட்டியல் பன்னண்டு மணிக்கு மூடுது. அதுக்கு முன்னாடி திருத்தம் வரணும். காரணம் ரெண்டுல ஒண்ணு. ‘படிவம் தெளிவில்லை’ன்னு போட்டா எங்க மேலாளர் ஒப்புக்கணும். அவங்க ஒரு மணி வரைக்கும் கூட்டத்துல இருப்பாங்க. ‘வழங்குநரின் பிழை’ன்னு போட்டா உடனே ஏறிடும்.”

“வழங்குநர்னா நான்.”

“நீங்கதான். ஆனா இந்தக் காலாண்டுல உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு இருக்கு. மூணாவது வந்தா ஒப்பந்தப் பிரிவுல இருந்து ஆள் வந்து ரெண்டு நாள் கோப்பெல்லாம் புரட்டுவாங்க. நான் நிறுத்த முடியாது.”

மணி பதினொன்றே முக்கால். கிளெண்டா என்னைக் கணினிக்கு முன்னால் இருந்து எழுந்திருக்கச் சொன்னார். நாற்பத்து நாலு வருட வேலையில் அவர் பெயருக்கு எதிராக ஒரு சோதனை வந்ததில்லை. அது அவருக்குப் பெரிய பெருமை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாத பெருமை. பென்சில் சரியை இன்னொரு முறை பார்த்துவிட்டு ‘வழங்குநரின் பிழை’யை அழுத்தினார். ஒன்பதாம் அறை பட்டியலிலிருந்து போனது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

“மார்ச்சுக்குள்ள வந்துட்டுப் போகட்டும்” என்றார். “எனக்கப்புறம் வர்றவளுக்கு இத விட்டுட்டுப் போக வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை காலை புது மடல். ஏழே முக்காலுக்கு நின்றோம். வாந்தியிலிருந்து எழுந்து வந்தவர்களும் நின்றார்கள். ‘செய்ய வேண்டியவை’யில் முதலாவதாக இருந்தது அது: அறைக் கணக்கை அனுப்புமுன் இரண்டாம் பக்கத்தையும் நிரப்புமாறு அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், இந்த வாரம் ஓர் இல்லத்தில் இதனால் குழப்பம் ஏற்பட்டது. கிளெண்டா அடிக்கோலை வைத்து, குரல் மாறாமல் வாசித்தார்.

“எந்த முட்டாள் அது?” என்றார் மோரா.

“நான்தான், கண்ணு. இங்க கையெழுத்துப் போடு.”

மோரா அவசரத்தில் ஒன்றுக்கு இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று கிளெண்டா இரண்டு பகுதியையும் வாசித்தார், பத்தொன்பது செய்தியும். யாரும் முனகவில்லை.

மதியம் நோரிஸை வண்டியில் கொண்டுவந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். என் பெயர் தெரியவில்லை. சன்னலோரம் உட்கார வைத்ததும் கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். சூப் கொடுத்தபோது கிண்ணத்தைத் தானே பிடித்துக்கொண்டார்.

ஆல்மா அம்மாளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்கக் கிளெண்டா தினமும் ஆஸ்பத்திரிக்குப் பேசிக் கேட்டார். தன் வேலை இல்லை என்று அவருக்கும் தெரியும். ராயை இரண்டு முறை அழைத்தார், அவர் எடுக்கவில்லை. விளக்கு அலுவலக அலமாரியின் மேல் பெயர்ச் சீட்டோடு இருந்தது. சனிக்கிழமை, தன் விடுமுறை நாளில், கிளெண்டா மேலங்கியோடு வந்து அதை எடுத்துக்கொண்டார்.

“வார்டுல மேசை விளக்கு வைக்க விடுவாங்களா?” என்றேன்.

“விட மாட்டாங்க. கேட்டுப் பாக்கறேன்.”

சற்று நேரத்தில் நான் மாடியில் ஒன்பதாம் அறையில் தலையணை மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே பதினாலாம் எண் வந்து வட்டத்தில் திரும்பியது.

“நாலு நிமிஷம் தாமதம்” என்றார் நோரிஸ். பிறகு கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, “விளக்கோட ஏறுதே ஒரு அம்மா, யாரு அது?”

“நம்ம கிளெண்டா.”

“கூட்டத்தப் பாத்தா சனிக்கிழமைச் சந்தை. உக்கார எடம் கிடைக்காது” என்றார். பேருந்து வளைவைத் தாண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். “மலை ஏறி இறங்கற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போகணும்.”