கைபடாத முந்திரி

காலை 9.10. புதுக்கோட்டையில் தஞ்சாவூர் பஸ் பிடித்தேன். கந்தர்வக்கோட்டைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். போவது ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு வரி எழுத. இருபது வருடமாகச் சென்னையில் பிஸ்கட்டுக்கும் ஊறுகாய்க்கும் விளம்பரம் எழுதுகிறேன். நான் வாயில் வைத்தே பார்க்காத பண்டங்களையெல்லாம் ஊரார் நாவில் கரைய வைத்தவன்.

மலர்க்கொடி என் மனைவியின் சித்தி மகள். சாலையோரம் முந்திரி வறுத்து விற்கிறாள். தஞ்சாவூர்க் கடைக்காரர் ஒருவர் வாரம் முப்பது பாக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல வாசகத்தோடு லேபிள் வேண்டுமாம். மதியத்துக்குள் போனில் படித்துக் காட்ட வேண்டும். அது அமைந்தால், வெயிலில் ஒவ்வொரு காருக்கும் கைகாட்டி நிற்க வேண்டாம் அவள்.

10.20. கொட்டகையெங்கும் புகை. சட்டியில் ஓட்டோடு பற்றி எரிந்த கொட்டைகளைத் தண்ணீர் தெளித்து அணைத்துக்கொண்டிருந்தாள் மலர்க்கொடி. அவள் நாத்தனார் பஞ்சவர்ணம் கட்டையால் தட்டி ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கத்தான், இங்கிட்டு நெழலுக்கு வாங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்: "இயற்கையின் மடியில் விளைந்து, கைபடாமல் தயாரான பொன்னிற முந்திரி!"

"யாரு மடியில?" என்றாள் மலர்க்கொடி. "எங்க சின்னய்யா கொல்லையில வெளஞ்சது."

பஞ்சவர்ணம் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார். முந்திரி ஓட்டில் கசியும் காரப் பால் பட்டுக் கறுத்து, தோல் உரிந்திருந்தன. "அப்ப இது யாரு கையிண்ணே?"

"எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றேன். என் தொழிலின் மொத்த ரகசியமும் அவ்வளவுதான்.

"பொன்னிறமும் வேணாம்த்தான். அங்கங்க கருகித்தான் இருக்கும். அதுதான் ருசியே."

11.45. என் வரியை அடித்துவிட்டு இருவரும் சேர்ந்து எழுதியதை மலர்க்கொடியே போனில் படித்தாள்: "ஓட்டோடு வறுத்து, கையால் உடைத்த முந்திரி. அங்கங்கே கருகியிருக்கும்."

ஸ்பீக்கரில் கடைக்காரர் கேட்டார்: "கருகியிருக்கும்னு யாராச்சும் போடுவாங்களாம்மா?"

"இருக்குதுங்களே."

"முப்பது வேணாம். பத்து அனுப்புங்க, போகுதான்னு பாப்போம்."

"என் வரியைப் படித்திருந்தால் முப்பது" என்று முனகினேன்.

"முப்பதும் அடுத்த வாரமே திரும்பி வந்திருக்கும்ணே, கருகுனதப் பாத்துட்டு" என்றார் பஞ்சவர்ணம்.

12.35. திரும்பும் பஸ் வந்தது. மலர்க்கொடி இன்னமும் கார்களுக்குக் கைகாட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் சிரித்தபடி. சென்னையில் நான் எழுதிக் கொடுத்த வரியைப் பண்டத்தோடு ஒத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இங்கே பஞ்சவர்ணம் பத்துப் பாக்கெட்டையும் வரிசையாக வைத்து, நன்றாகக் கருகிய பருப்பாகத் தேடி ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டோம்ல" என்றார்.